கல்விச் சிற்றூர் பிறந்த கதை

1805 ஜனவரியில், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் சொந்த மாநிலமான வர்ஜீனியாவின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. என்ன பாடங்கள், யார் நிர்வாகம் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, அதை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு வந்தார். ஒரே பெரிய கட்டடமாக எழுப்பிவிடாதீர்கள் என்றார். பெரிய கட்டடம் அழகாக அமைவதில்லை. புழங்க வசதியாக இருப்பதில்லை. தீப்பிடித்தால் மொத்தமும் போய்விடும். தொற்றுநோய் புகுந்தால் எல்லோரையும் பிடிக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஓர் எளிய சிறு வீடு. பாடம் நடப்பதும் அங்கேதான், அவர் குடியிருப்பதும் அங்கேதான். அந்த வீடுகளைக் கூரையிட்ட நடைவழி ஒன்று இணைக்கட்டும். மாணவர் அறைகளின் கதவுகள் அந்த நடைவழியில் திறக்கட்டும். இப்படி இருந்தால் தேவை வரும்போது தேவையான அளவுக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் என்பது ஒரு வீடாக இல்லாமல் ஓர் ஊராக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

பல்கலைக்கழக வளாகம் என்றதும் இன்று பலருக்கும் மனத்தில் எழும் காட்சி ஒன்று உண்டு: நடுவே புல்வெளி, இரு மருங்கும் கட்டடங்கள், தலைமாட்டில் நூலகம். அந்தக் காட்சியின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று இந்தக் கடிதம். அது செங்கல்லாக மாற இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளின் கதையை, அழகான கட்டடங்களின் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். கையில் காசு இல்லாத ஒரு சிறிய கல்வி நிறுவனம் நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எப்படி யோசிக்க முடியும் என்பதற்கு இது அரிய பாடம். எவ்வளவு தொலைவு பார்த்த திட்டமும் யாரைக் காணத் தவறிவிடும் என்பதற்கும் இதுவே பாடம்.

ஒரு சாப்பாட்டு மேசை

1760 முதல் 1762 வரை ஜெஃபர்சன் வில்லியம்ஸ்பர்க் நகரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி பெரும்பாலும் ஒரே பெரிய செங்கல் கட்டடத்துக்குள் அடங்கியிருந்தது. வகுப்பு, உணவுக்கூடம், வழிபாட்டுக்கூடம், தங்கும் அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1705இல் ஒருமுறை அது எரிந்து, திரும்பக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டடத்தின் மேல் ஜெஃபர்சனுக்கு மதிப்பே வரவில்லை. பின்னாளில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதியபோது அதன் அழகின்மையைக் கடுமையாகச் சாடினார்.

ஆனால் அங்கே அவருக்கு வாய்த்த ஓர் ஆசிரியரை வாழ்நாள் முழுக்கப் போற்றினார். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஸ்மால் என்ற அந்த ஆசிரியர் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பித்தார். தம் வாழ்வின் போக்கையே தீர்மானித்தவர் அவர் என்று ஜெஃபர்சன் முதுமையில் எழுதினார். ஸ்மால், சட்ட அறிஞர் ஜார்ஜ் வித், ஆளுநர் ஃபாக்கியர் ஆகிய மூவரும் கூடிச் சாப்பிடும் மேசையில் இருபது வயதைத் தொடாத ஜெஃபர்சனும் நான்காவதாக உட்கார்ந்தார். அந்த மேசையில் கேட்ட பேச்சுக்குச் சமமான கல்வி தமக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்பது அவர் நினைப்பு.

பேராசிரியரின் வீட்டுக்குள்ளேயே வகுப்பறை, அடுத்த கதவில் மாணவர் அறை என்ற எண்ணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தீ, நோய், செலவு ஆகியவற்றை அவர் காரணம் காட்டியது உண்மை. ஆனாலும் வகுப்பு முடிந்த பிறகும் ஆசிரியரும் மாணவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும் என்பதுதான் அந்த வரைபடத்தின் உயிர். எத்தனை சதுர அடி, எத்தனை அறை என்று தொடங்கும் வளாகத் திட்டங்களை நாம் நிறையப் பார்க்கிறோம். இந்தத் திட்டம், யார் யாரை எங்கே சந்திக்க வேண்டும் என்று தொடங்கியது.

காகிதத்தில் இருந்த பள்ளி

1809இல் பதவியை விட்டு மாண்டிசெல்லோ என்ற தம் மலைமேல் வீட்டுக்குத் திரும்பினார் ஜெஃபர்சன். மறு ஆண்டு டென்னசி மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் அறங்காவலர்கள், நிதி திரட்டும் லாட்டரிச் சீட்டு விற்றுத் தரும்படி அவரைக் கேட்டார்கள். அவர் சீட்டு விற்கவில்லை, யோசனையை அனுப்பினார். சிறு வீடுகள், இணைக்கும் நடைவழி, நடுவில் புல்லும் மரமும் நிறைந்த திறந்த சதுரம். இதைக் ‘கல்விச் சிற்றூர்’ என்று அந்தக் கடிதத்தில்தான் பெயரிட்டு அழைத்தார்.

1814இல் சார்லட்ஸ்வில் நகரையொட்டி ஆல்பமார்ல் அகாடமி என்ற பள்ளிக்கு அறங்காவலரானார். அந்தப் பள்ளிக்கு அனுமதி இருந்தது; நிலம் இல்லை, ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை. பெயரளவில் மட்டும் இருந்த அந்தப் பள்ளிக்கு ஜெஃபர்சன் முழு வளாகம் வரைந்து கொடுத்தார். சதுரத்தின் மூன்று பக்கங்களில் ஒன்பது வீடுகள். அவற்றைப் பெவிலியன் என்றார். நான்காவது பக்கம் திறந்தே இருந்தது. 1816இல் அந்தப் பள்ளி சென்ட்ரல் காலேஜ் என்று பெயர் மாறியது. ஜெஃபர்சன், ஜேம்ஸ் மாடிசன், ஜேம்ஸ் மன்றோ ஆகியோர் அதன் ஆட்சிக்குழுவில் அமர்ந்தார்கள். சட்டமன்றத்தில் இந்தக் காரியத்துக்காக ஓயாமல் வாதாடிய ஜோசப் கேபலும் உடன் இருந்தார். ஊரில் நன்கொடை திரட்டினார்கள். ஜெஃபர்சன் தம் பங்காக ஆயிரம் டாலர் எழுதினார். கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது.

1817இல் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விளைந்து விளைந்து சத்து போன பழைய பண்ணை நிலம். வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கட்டடங்கள் எழ வேண்டிய மேடு குறுகலானது. வரைந்து வைத்த அகலமான சதுரம் அதில் அடங்காது. ஜெஃபர்சன் சதுரத்தை விட்டுக்கொடுத்தார். அகலத்தைச் சுமார் 200 அடியாகச் சுருக்கி, இரண்டு நீண்ட வரிசைகளாக மாற்றினார். நிலம் தெற்கே சரிந்ததால் புல்வெளியைப் படிப்படியாக இறங்கவிட்டார். வடிவம் மாறியது, ஆனால் சிறு வீடு, இணைக்கும் தாழ்வாரம், நடுவே பொதுவெளி, திறந்த முனை என்ற நான்கு விதிகளும் மாறவில்லை. திட்டத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இரண்டு கட்டடக் கலைஞர்களுக்குத் தம் படத்தை அனுப்பி யோசனை கேட்டார். ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் முதல் வடிவத்தைத் தந்த வில்லியம் தார்ன்டன். மற்றவர் அதே கட்டடத்தில் பணியாற்றிய பெஞ்சமின் லட்ரோப். தார்ன்டன் அனுப்பிய படத்தை ஒட்டியே முதல் வீடு எழுந்தது. கீழே வளைவுகள், மேலே தூண்கள். லட்ரோப் சொன்னது இன்னும் பெரியது. எல்லாம் சம உயரத்தில் ஓடினால் கண்ணுக்குத் தங்க இடம் இருக்காது. நடுநாயகமாக ஒரு பெரிய கட்டடம் வேண்டும், அதற்கு ஒரு குவிமாடம் வேண்டும் என்றார். ஜெஃபர்சனின் மூலப்படத்தில் அது இல்லவே இல்லை. அவர் தயங்காமல் ஏற்றார். வடக்கு முனையில் அதற்கான இடத்தை ஒதுக்கி வெறுமையாக விட்டார். கட்டப் பணம் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. வீடு கட்டுகிறவர்கள் பின்னால் மாடி எழுப்பலாம் என்று கம்பியை நீட்டி விட்டுவைப்பது போல, அந்த வெற்றிடம் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்தது. யோசனை தந்த லட்ரோப் 1820இல் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

1817 அக்டோபர் 6ஆம் தேதி முதல் வீட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் மன்றோ, முன்னாள் தலைவர்கள் மாடிசன், ஜெஃபர்சன் மூவரும் அங்கே நின்றார்கள். மாணவர் ஒருவர்கூட இல்லாத கல்லூரிக்கு மூன்று குடியரசுத் தலைவர்கள் வந்திருந்தார்கள்.

பணம் வந்த வழி

1818இல் வர்ஜீனியா சட்டமன்றம் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் ஒதுக்க முடிவு செய்தது. எந்த ஊரில் என்பதைச் சொல்ல ஒரு குழு அமைத்தது. ஆகஸ்டில் ராக்ஃபிஷ் கேப் என்ற மலைக் கணவாயின் விடுதியில் அந்தக் குழு கூடியது. லெக்சிங்டன், ஸ்டான்டன், சார்லட்ஸ்வில் ஆகிய மூன்று ஊர்களும் போட்டியிட்டன. ஜெஃபர்சன் இரண்டு ஆதாரங்களோடு வந்தார். மாநில மக்கள்தொகையின் நடுப்புள்ளி சார்லட்ஸ்வில்லை ஒட்டியே வருகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று. எண்பது வயது கடந்து அந்த வட்டாரத்தில் வாழ்பவர்களின் பெயர்ப்பட்டியல் மற்றொன்று. மண்ணும் காற்றும் நல்லவை என்பதற்கு அந்த முதியவர்களே சாட்சி. வாக்கெடுப்பில் 16 பேர் சார்லட்ஸ்வில் பக்கம் நின்றார்கள். லெக்சிங்டனுக்கு மூன்று, ஸ்டான்டனுக்கு இரண்டு.

இந்த வெற்றியில் வரைபடத்துக்கும் பட்டியலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவற்றைவிட வலுவான வாதம், சார்லட்ஸ்வில்லில் ஏற்கெனவே சுவர் எழுந்துகொண்டிருந்தது என்பதே. ஒரு பெரிய மாளிகையாகத் திட்டமிட்டிருந்தால் நன்கொடைப் பணத்தில் அஸ்திவாரத்தோடு நின்றிருக்கும். சிறு சிறு வீடுகள் என்பதால், முழுதாக முடித்துக் காட்டக்கூடிய ஒன்றை அவர்களால் தொடங்க முடிந்தது. 1819 ஜனவரி 25ஆம் தேதி சென்ட்ரல் காலேஜ் வர்ஜீனியா பல்கலைக்கழகமானது. ஜெஃபர்சன் ஆட்சிக்குழுத் தலைவரானார்.

அடுத்து வந்த ஆறு ஆண்டுகள் கடுமையானவை. ஆண்டுக்கு 15,000 டாலர் எந்த மூலைக்கும் போதவில்லை. 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் மாநிலக் கல்வி நிதியிலிருந்து ஒவ்வொரு முறையும் 60,000 டாலர் கடன் வாங்கினார்கள். கட்டடங்கள் ஆடம்பரம் என்று சட்டமன்றத்தில் கண்டனம் எழுந்தது. கட்டியது போதும், கல்லூரியைத் திறவுங்கள் என்று நண்பர்களே கேட்டார்கள்.

ஜெஃபர்சன் அசையவில்லை. திறந்துவிட்டால் ஆண்டு வருமானம் முழுவதும் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போய்விடும். அதன் பிறகு ஒரு செங்கல்கூட ஏறாது. பல்கலைக்கழகம் என்றைக்கும் பாதியாகவே நின்றுவிடும் என்பது அவர் வாதம். தேவைக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம் என்று 1805இல் எழுதியவர்தான் இப்போது எல்லாம் முடியட்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டும் முரண் அல்ல. எவ்வளவு சிறிதாகவும் தொடங்கலாம். ஆனால் இதற்குக் குறைந்தால் இது பல்கலைக்கழகம் ஆகாது என்ற அளவு ஒன்றை முதலிலேயே குறித்துவிட வேண்டும். அவர் குறித்த அளவு: பத்துப் பெவிலியன், மாணவருக்கு 109 அறை, உணவு பரிமாற ஆறு விடுதிகள், ஒரு நூலகம். கடைசியில் 1824இல் சட்டமன்றம் அந்தக் கடன் சுமையை இறக்கிவைத்தது.

பத்துப் பெவிலியன்களும் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது என்றும் அவர் விதித்திருந்தார். பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண் அமைப்பும் விகிதமும் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறாக அமைந்தன. கட்டடக்கலை படிப்பவருக்கு வளாகமே பாடநூல். தூண்களின் தலைப்பகுதியைச் செதுக்க இத்தாலியிலிருந்து ராஜ்ஜி சகோதரர்களை வரவழைத்தார்; உள்ளூர்க் கல் நுணுக்க வேலைக்கு இணங்காமல் போகவே, கராரா பளிங்கில் செதுக்கிய தலைப்பகுதிகளைக் கப்பலில் தருவித்தார்கள். வடக்கே இருந்து தெற்கே போகப் போக இரு பெவிலியன்களுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும். வீடுகளுக்குப் பின்னே தோட்டங்கள். அவற்றுக்கு அலைபோல் வளைந்து செல்லும் மதில்கள். வளைவே வலுத் தருவதால் ஒற்றைச் செங்கல் கனமே அந்த மதில்களுக்குப் போதும்.

வடக்கு முனையில் ஒதுக்கியிருந்த இடத்தில் ரொட்டுண்டா என்ற அந்தக் குவிமாடக் கட்டடம் எழுந்தது. ரோம் நகரத்துப் பாந்தியனில் பாதி விட்டம், 77 அடி. ஊருக்கு நடுநாயகமாகக் குவிமாடம் என்றால் அக்காலக் கல்லூரிகளில் அது வழிபாட்டுக்கூடமாக இருந்திருக்கும். ஜெஃபர்சன் குவிமாடத்தின் கீழ் நூலகத்தை வைத்தார். 1824 நவம்பரில், பிரெஞ்சுத் தளபதி லஃபயெத் வந்தபோது, இன்னும் முடியாத அந்தக் கூடத்தில்தான் நானூறு பேருக்கு விருந்து நடந்தது.

செங்கல் சுட்டவர்கள்

இந்தக் கதையை இதுவரை சொன்ன மாதிரியே பல தலைமுறைகள் சொல்லிவந்தார்கள். ஜெஃபர்சன் வரைந்தார், ஜெஃபர்சன் கட்டினார். மேட்டைச் சமப்படுத்தியது யார்? களிமண் மிதித்துச் செங்கல் அறுத்துச் சூளை வைத்தது யார்? கல்லுடைத்து, மரம் அறுத்து, கூரை போட்டது யார்? பெரும்பகுதி அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சுற்றுப்புற உரிமையாளர்களிடமிருந்து அவர்களை ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள். கூலி உரிமையாளருக்குப் போயிற்று. கணக்கேடுகளில் ‘தச்சர் சாம்’ என்பது போலத் தொழிலும் பாதிப் பெயருமாகச் சிலர் தென்படுகிறார்கள். மிகப் பலருக்கு அதுவும் இல்லை.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். கல்விச் சிற்றூரிலும் அதே பிளவு வரைபடத்திலேயே இருந்தது. முன்பக்கம் புல்வெளியும் தாழ்வாரமும் தூண்களும். பின்பக்கமும் நிலவறையும் சமைப்போர், துவைப்போர், விறகு சுமப்போர் ஆகியோரின் உலகம். 1817 முதல் அடிமைமுறை ஒழிந்த 1865 வரை ஏறத்தாழ நாலாயிரம் பேர் அங்கே அப்படி வாழ்ந்து உழைத்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஊரின் குடிகள் யார் என்ற பட்டியலில் அவர்கள் இடம்பெறவில்லை.

திறந்த பிறகு

1825 மார்ச் 7ஆம் தேதி வகுப்புகள் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த பேராசிரியர்களில் மூவர் ஏறிவந்த கப்பல் தாமதப்பட்டதால் தொடக்க நாளே தள்ளிப்போயிருந்தது. முதல் நாளில் வந்த மாணவர்கள் சில பத்துப் பேர்; ஆண்டு முடிவதற்குள் நூற்றைத் தாண்டினார்கள்.

ஆசிரியரும் மாணவரும் அடுத்தடுத்த கதவில் வாழ்ந்தால் நட்பு தானாக வளரும் என்று ஜெஃபர்சன் நம்பியிருந்தார். அக்டோபரிலேயே அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. முகமூடி போட்ட மாணவர்கள் இரவில் புல்வெளியில் கலவரம் செய்தார்கள். தடுக்கவந்த பேராசிரியர்களைத் தாக்கினார்கள். விசாரணைக்கு மாணவர்களை ரொட்டுண்டாவில் கூட்டினார்கள். பேச எழுந்த ஜெஃபர்சனுக்கு வயது 82. துக்கம் தொண்டையை அடைக்க, பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நீக்கப்பட்டவர்களில் அவருடைய உறவினர் ஒருவரும் இருந்தார். 1840இல் இன்னும் மோசமான ஒன்று நடந்தது: சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸை ஒரு மாணவன் அவர் வீட்டு வாசலில் சுட்டான், அவர் இறந்தார். அதன் பிறகு 1842இல் மாணவர்கள் தங்கள் சொல்லுக்குத் தாங்களே பொறுப்பேற்கும் நேர்மை முறை உருவானது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கட்டட அமைப்பு மனிதர்களை அருகருகே கொண்டுவரும். அருகருகே வாழும் ஒழுங்கை அவர்கள்தாம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

1826 ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், ஜெஃபர்சன் இறந்தார். ரொட்டுண்டா வேலை அப்போதும் முழுக்க முடியவில்லை. தம் கல்லறையில் பொறிக்க மூன்று செயல்களை அவரே எழுதி வைத்திருந்தார்: பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் சமயச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. குடியரசுத் தலைவர் பதவி அந்தப் பட்டியலில் இல்லை.

விதியை மறந்த இரண்டு வேலைகள்

மாணவர் எண்ணிக்கை ஏறியதும், 1850களின் தொடக்கத்தில், ரொட்டுண்டாவின் வடபுறத்தில் ஒரு நீண்ட இணைப்புக் கட்டடத்தை ஒட்டவைத்தார்கள். வகுப்பறையும் பேரவைக்கூடமும் ஒரே பெருங்கட்டடத்தில். 1805 கடிதம் எதை வேண்டாம் என்றதோ அதுவே. 1895 அக்டோபர் 27ஆம் தேதி தீ அந்த இணைப்பில்தான் பிடித்தது. ரொட்டுண்டாவைக் காப்பாற்ற இடையில் இருந்த பகுதியை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தீ குவிமாடத்தைத் தின்றது. மாணவர்களும் ஆசிரியர்களும் கைக்குக் கிடைத்த புத்தகங்களை வெளியே கொண்டுவந்து போட்டார்கள். ஆபத்து மணியை அடித்தவர் ஹென்றி மார்ட்டின். மாண்டிசெல்லோவில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு மணியடித்தவர். ஆனால் பெவிலியன்கள் எரியவில்லை. தனித்தனி வீடுகள் என்ற யோசனை தொண்ணூறு ஆண்டு கழித்துத் தன் பயனைக் காட்டிற்று.

மறுகட்டுமானத்துக்கு நியூயார்க்கின் ஸ்டான்ஃபர்ட் வைட் வந்தார். ரொட்டுண்டாவின் உட்புறத்தை மாற்றி ஒரே பெரிய கூடமாக்கினார். புல்வெளியின் தெற்கு முனையில் மூன்று புதுக் கட்டடங்களையும் எழுப்பினார். தெற்கே தொலைவில் மலைகள் வரை போய்க்கொண்டிருந்த பார்வை நின்றது. புதுக் கட்டடங்கள் அழகானவை, தேவையும் உண்மையானது. என்றாலும் வளர்வதற்கென்று விட்டிருந்த வாயில் மூடிக்கொண்டது. ஒரு தலைமுறையின் அவசரம் திட்டத்தின் அடிப்படை விதியையே அடைக்க முடியும் என்பதற்கு அந்தத் தெற்கு முனை இன்றும் சான்று.

ரொட்டுண்டாவின் உட்புறத்தை 1970களில் ஜெஃபர்சனின் அமைப்புக்கே திருப்பினார்கள். 1976இல் மீண்டும் திறந்தது. 1987இல் மாண்டிசெல்லோவும் இந்தச் சிற்றூரும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. 2015இல் ரொட்டுண்டாவில் சீரமைப்பு நடந்தபோது சுவருக்குள் மறைந்திருந்த பழைய வேதியியல் அடுப்பு ஒன்று அகப்பட்டது. முதல் மாணவர்கள் சோதனை செய்து பார்த்த அடுப்பு. 1840களில் மூடப்பட்ட அது, சுவருக்குள் இருந்ததாலேயே தீயிலிருந்து தப்பியிருக்கிறது. புல்வெளி ஓரத்து 54 அறைகளில் இன்றும் மாணவர்கள் குடியிருக்கிறார்கள். பெவிலியன்களில் பேராசிரியர் குடும்பங்கள் வாழ்கின்றன.

பட்டியலில் சேர்ந்த பெயர்கள்

கறுப்பின மாணவர் ஒருவர் சட்டப் படிப்பில் சேர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1950இல் கிரிகரி ஸ்வான்சன் அப்படித்தான் உள்ளே வந்தார். இளங்கலைப் பிரிவு முழுமையாகப் பெண்களுக்குத் திறந்தது 1970இல். வளாகத்தைக் கட்டியவர்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்ற குரல் 2010ஐ ஒட்டி எழுந்தது. அதை எழுப்பியவர்கள் மாணவர்கள். பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2020இல் நினைவிடம் எழுந்தது. வர்ஜீனியாக் கருங்கல்லால் ஆன 80 அடி விட்டமுள்ள திறந்த வட்டம். உட்சுவரில் ஆளுக்கொன்றாக நாலாயிரம் குறிகள். பெயர் தெரிந்த சில நூறு பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாத இன்னும் சிலருக்கு அவர்கள் செய்த தொழிலோ, இன்னாரின் தாய், இன்னாரின் மகள் என்ற உறவோ. புதிய பெயர் ஆவணங்களில் கிடைத்தால் சேர்க்க மற்றக் குறிகளின் மேல் இடம் காத்திருக்கிறது. வெளிச்சுவரில் இசபெல்லா கிப்பன்ஸின் கண்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் ஒருவர் வீட்டில் அடிமையாக இருந்தபோதே எழுத்தறிவு பெற்று, விடுதலைக்குப் பின் சார்லட்ஸ்வில்லில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். சிற்றூர் என்ற எண்ணத்தை அதன் முழுப் பொருளில் வாழ்ந்து காட்டியவர்களில் அவரை முன்னால் வைப்பேன்.

ஒரு சிறிய பல்கலைக்கழகம் தன் ஐம்பது ஆண்டுத் திட்டத்தை எழுத உட்காரும்போது வழக்கமாக முதலில் வருவது கட்டடங்களின் பட்டியல். சார்லட்ஸ்வில்லின் கதை வேறு வரிசை ஒன்றைக் கற்றுத் தருகிறது. யார் யாரைத் தினமும் சந்திக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். தனித்து நின்று பயன்தரக்கூடிய மிகச் சிறிய அலகு எது என்று கண்டுபிடியுங்கள், அதிலிருந்து தொடங்குங்கள். அலகுகளைக் கோக்கும் பொதுவழியையும் பொதுவெளியையும் எந்தத் தேவைக்காகவும் தொடாதீர்கள். பணம் வராத பெரிய கட்டடத்துக்கு இடத்தை மட்டும் இன்றே ஒதுக்குங்கள். வளரும் திசை ஒன்றைத் திறந்து வையுங்கள். அதை ஏன் திறந்து வைத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள், காரணம் தெரியாதவர் அதை மூடிவிடுவார். இவையெல்லாம் ஜெஃபர்சன் அறிந்திருந்தவை. அவர் திட்டத்தில் விடுபட்டதை நாம் சேர்க்க வேண்டும்: கூட்டுபவர், சமைப்பவர், காவல் நிற்பவர், செங்கல் சுமப்பவர் ஆகியோருக்கு இந்த ஊரில் எங்கே இடம் என்ற கேள்விக்கு விடையை, முதல் கோடு போடும் நாளிலேயே அதே தாளில் வரைந்துவிட வேண்டும். இந்தப் பல்கலைக்கழகம் அந்த விடையை எழுதத் தொடங்கவே இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று திட்டமிடுகிறவர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.